போஸ் வீட்டில் தீபாவளிச் சுத்தம்

அந்த வீட்டில் மொத்தம் நாலு பேர் என்று ரூபினி சொல்வாள்: போஸ், அவள், அப்பா, ஆன்ட்டி. வரிசை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அப்பா சுகுமாரனைக் கேட்டால் மகள்தான் முதல் என்பார். ஆன்ட்டி குமுதாவை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், கடைசி இடம் யாருக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

போஸ் என்பது ஒரு மீன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்பு டேம்சல் மீன். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, விலாவுக்கு ஒன்று என்று மூன்று பொட்டு. டொமினோ காய் மாதிரி இருப்பதால் கடைக்காரர்கள் டொமினோ என்பார்கள். ஜெலுத்தோங்கில் பதினோராவது மாடி வீட்டின் கூடத்தில், தொலைக்காட்சி இருக்க வேண்டிய இடத்தில், மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. அதற்குள் போஸ் மட்டும் இருந்தான். தொலைக்காட்சி மூலைக்குப் போய்விட்டது. செய்தி பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை ஒடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

கடல்நீர்த் தொட்டி வைத்தவுடன் கண்ட மீனையும் அதில் விட முடியாது. தண்ணீர் பக்குவப்படும்வரை நோஞ்சான் மீன்கள் தாங்காது. அதனால் கல்லைக் கொடுத்தாலும் செரித்துவிடுகிற ஜாதியாகப் பார்த்து, ஒரு டேம்சலை முதலில் விடுவது சிலர் வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டு வயது ரூபினி அப்படித்தான் போஸைக் கொண்டுவந்தாள். தண்ணீர் சரியானதும் அவனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அழகான மீன்களாக வாங்குவது என்பது திட்டம். அந்தத் திட்டத்தை யாரும் போஸிடம் சொல்லவில்லை. அவன் தொட்டி முழுவதையும் தன் பெயரில் எழுதிக்கொண்டான். பிறகு வந்த மஞ்சள் மீன் ஒன்று, இவன் துரத்திய துரத்தலில் தொட்டியைவிட்டே எகிறிக் குதித்துவிட்டது. பச்சை மீன்கள் இரண்டு, வால் கிழிந்து கடைக்கே திரும்பிப் போயின. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்களே, அந்தக் குதிரையைப் போஸ் மூன்றடித் தொட்டிக்குள் நாலுகால் பாய்ச்சலில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

குமுதா அந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. முப்பத்தொன்பது வயதில் முதல் கல்யாணம். கடல் பாலத்துக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சாமான் கொள்முதல் பார்க்கும் வேலை. அங்கே அலுவலகத்தைக் குளிர்விக்கும் ஏர்கோன் ஒரே மாதத்தில் மூன்று முறை ஒழுகியது; மூன்று முறையும் சுகுமாரன் வந்து சரிசெய்தார். நாலாவது முறை அது ஒழுகவே இல்லை. அப்போதும் வந்தார். அப்புறம் என்ன, மார்ச் மாதத்தில் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. அவருடைய முதல் மனைவி இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

சித்தி என்றாலே நம் ஆட்களுக்குக் கையில் கரண்டிக் காம்பைச் சூடாக்கி வைத்திருப்பவள் என்றுதான் எண்ணம். இந்த வீட்டிலோ சூடு வைக்கிற வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். அதுவும் எவ்வளவு மரியாதையாக! "ஆன்ட்டி, அந்தக் கப் அங்க இல்ல, இந்தக் கொக்கியில." "ஆன்ட்டி, நாங்க சீனிய இந்த டப்பால போடறதில்ல." "ஆன்ட்டி, அது அப்பா சீட்டு. நீங்க இங்க உக்காருங்க." ஒரு சொல் தப்பாக இருக்காது, ஒரு பார்வை தப்பாக இருக்காது. சண்டை போட்டாலாவது திருப்பிப் போடலாம். இவ்வளவு ஒழுங்கான பிள்ளையோடு எப்படிச் சண்டை போடுவது?

சுகுமாரன் நல்ல மனுஷர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அறிந்து, இடி விழும் நேரமாகப் பார்த்து வெளியே வேலை வைத்துக்கொள்ளும் அளவுக்கு நல்லவர். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "கொஞ்ச நாள்ல சரியாயிடும் லா."

குமுதாவுக்கு ஒரு ரகசியம் உண்டு. கல்யாணத்துக்கு முன் சிம்பாங் அம்பாட்டில் ஒரு சிறிய வாடகை வீட்டில் எட்டு வருஷம் தனியாக இருந்தாள். கல்யாணத்தோடு அதைக் காலி செய்துவிட்டதாகத்தான் சுகுமாரன் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் செய்யவில்லை. அவளுடைய கட்டில், கிரைண்டர், தையல் மெஷின், புத்தகங்கள், சாமி படங்கள் எல்லாம் அங்கேயே இருந்தன. முதலில், ஜெலுத்தோங் வீட்டில் வைக்க இடமில்லை என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். பிறகு அந்தக் காரணத்தையும் சொல்வதை விட்டுவிட்டாள். ஒரு நாள் இங்கே இருக்க முடியாமல் போனால், போய் நிற்க ஓர் இடம் வேண்டாமா? செப்டம்பர் கடைசியில் வீட்டுக்காரப் புஷ்பவள்ளி அக்கா போன் செய்தாள்.

"குமுதா, வாடக கோன்ட்ராக் அடுத்த மாசக் கடைசில முடியுது. இருக்கியா, போறியா? ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்கும்மா வாடக? தீபாவளி முடிஞ்சதும் ஒரு முடிவு சொல்லிடு."

தீபாவளிக்குள் இந்தப் பெண் என்னை ஏற்றுக்கொண்டால் சாவியைக் கொடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் வீட்டை வைத்துக்கொண்டு வேலை நாட்களில் அங்கேயே தங்கிவிடுவேன் என்று குமுதா மனதுக்குள் தீர்மானித்தாள். வேலைக்குப் பக்கம், தினமும் பாலம் தாண்ட வேண்டாம் என்று சொன்னால் யார் மறுப்பார்கள்?

தீர்மானித்தவள் சும்மா இருக்கவில்லை, முயன்று பார்த்தாள். ரூபினியின் பிறந்தநாள் வந்தது. ஷேக் அலாவுதீன் பாயின் மீன் கடைக்குப் போய், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி ஒன்று வாங்கினாள். "வீட்டுல வேற என்னக்கா மீனு இருக்கு?" என்று பாய் கேட்டபோது, "ஒண்ணே ஒண்ணு. கருப்பா, சின்னதா" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஜாதகத்தில் செவ்வாய் இருப்பதைச் சொல்லாமல் பையன் நல்ல உயரம் என்று மட்டும் சொல்கிற தரகர்களும் பொய் சொல்வதில்லை.

ரூபினி பள்ளியிலிருந்து வருவதற்குள் மீன்களைத் தொட்டியில் விட்டாள். முதல் ஐந்து நிமிஷம் போஸ் நம்ப முடியாமல் பார்த்தான். அடுத்த ஐந்து நிமிஷத்தில் ஜோடி மீன்கள் இரண்டும் மேல்மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. ரூபினி வந்தாள், பார்த்தாள், புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் வலையை எடுத்து இரண்டையும் பிடித்து, தொட்டியின் ஓரத்தில் உள்பக்கமாகத் தொங்கும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் விட்டாள். போஸ் வெளியிலிருந்து அந்தப் பெட்டியை முட்டினான்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி. ரொம்ப அழகா இருக்கு" என்றாள் ரூபினி. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "ஆனா இது போஸ் வீடு. இனிமே யாரும் இங்க வர முடியாது" என்றாள்.

அவள் மீனைப் பற்றித்தான் சொன்னாளா என்று குமுதா அன்று இரண்டு மணி நேரம் யோசித்தாள். யோசித்ததில் கப்பைத் தப்பான கொக்கியில் மாட்டிவிட்டாள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த வாரத்தில் ஒரு வேகம் வரும். மின்விசிறி இறக்கை, ஜன்னல் கம்பி, அலமாரியின் பின்பக்கம், எலிக்குக்கூடத் தெரியாத மூலை என்று எதையும் விட மாட்டார்கள். அழுக்கோடு லட்சுமியை அழைத்தால் அவள் வாசலிலிருந்தே திரும்பிப் போய்விடுவாள் என்று சிறுவயதில் காதில் ஓதியது ஆயுசுக்கும் போகாது. அந்தச் சனிக்கிழமை சுகுமாரனுக்கு வேலை, ரூபினிக்கு டியூஷன். குமுதா மஞ்சள் கையுறை மாட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தாள். பதினொரு மணிக்கு வீடே பளபளத்தது. அந்தப் பளபளப்புக்கு நடுவில் மீன் தொட்டி மட்டும், கல்யாண வீட்டில் குளிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் மாமா மாதிரி நின்றது.

தொட்டிக்குள் பதினைந்து இருபது பவளக் கற்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் குகை மாதிரி ஒரு பொந்து. அந்தக் கற்கள்மேல் பழுப்பாகவும் பச்சையாகவும் படர்ந்திருந்தது. சில இடங்களில் ஊதாவாகத் தடித்துக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் குமுதாவுக்குக் கை அரித்தது. பிள்ளை பள்ளிக்கூடமும் டியூஷனுமாக அலைகிறாள், இதைக் கழுவ அவளுக்கு ஏது நேரம்? நாம் செய்து வைத்தால் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள். இந்தக் கடைசி எண்ணம்தான் ஆளைக் கவிழ்த்தது.

ஆனால் அவள் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. குழாய்த் தண்ணீர் பட்டால் கடல் மீனுக்கு ஆகாது என்று தெரியும். குளியலறையில் ரூபினி உப்புத்தூள் கலந்து பீப்பாயில் வைத்திருந்த தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டாள். பீப்பாய் மேல் 'தொடாதீர்கள்' என்று ஒட்டியிருந்தது. அது அப்பாவுக்கு எழுதியது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாள். கற்களைப் பழைய மாதிரியே திருப்பி அடுக்க வேண்டுமே என்று கைத்தொலைபேசியில் படம்கூடப் பிடித்துவைத்தாள். பிறகு பார்த்தால் அந்தப் படத்தில் கல் தெரியவில்லை. கண்ணாடியில் மஞ்சள் கையுறையோடு அவள் முகம்தான் தெரிந்தது.

முதல் கல்லை எடுத்ததும் போஸ் வந்து கையைக் கடித்தான். பல் பதியவில்லை, ஆனால் அவள் போட்ட சத்தத்தில் கீழ்மாடி நாய் குரைத்தது. இரண்டாவது கல்லுக்கும் கடித்தான். மூன்றாவதுக்குக் குமுதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வலையைப் போட்டு அவனைப் பிடித்தாள். அரை மணி நேரப் போராட்டம், பாதித் தண்ணீர் தரையில். பிடித்தவனை எங்கே விடுவது? இருப்பது ஒரே பெட்டி, அதில் கோமாளி ஜோடி குடியிருக்கிறது. வேறு வழியில்லாமல் ஜோடியைத் தொட்டிக்குள் திறந்துவிட்டு, போஸைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தாள். பச்சை போனது, பழுப்பு போனது, ஊதா மட்டும் மூச்சு வாங்கவைத்தது. பிறகு அடுக்கத் தொடங்கினாள். எந்தக் கல் எங்கே இருந்தது என்று ஒன்றுகூட நினைவில்லை. சமையலறையில் தட்டுகளை அடுக்குவது போலப் பெரியது கீழே, சிறியது மேலே என்று அடுக்கிக்கொண்டே போனாள். கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது கதவு திறந்தது. கையும் களவுமாக என்பார்கள். இவள் கையும் கல்லுமாக அகப்பட்டாள்.

"என்னா ஆன்ட்டி இது?"

"தீபாவளி வருதுல்ல, அதான் அழுக்கு எல்லாம்..."

"அது அழுக்கு இல்ல ஆன்ட்டி! அந்த ஊதா கலரு கோரலைன், கல்லு மேல வளர்ற பாசி! அது வளர ரெண்டு வருஷம் ஆச்சு!" ரூபினி தொட்டியருகே ஓடிவந்தாள். "அலாமாக், அவன் குகை எங்க? போஸ் எங்க? அவன எதுக்குப் பெட்டியில போட்டீங்க? யாராச்சும் தீபாவளிக்குக் கடலக் கழுவுவாங்களா?"

ரூபினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கத்தியது ஏழு மாதத்தில் இதுதான் முதல் தடவை. குமுதா தரையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் கண்ணிலிருந்தும் வந்ததுதான் காரணம்.

சாயங்காலம் சுகுமாரன் வந்து, மூடிய கதவையும், பெட்டிக்குள் இருந்த போஸையும், மனைவி முகத்தையும் பார்த்தார். "கொஞ்ச நாள்ல சரியாயிடும் லா."

"எது? கல்லா, நானா?" என்றாள் குமுதா. அவர் அவசரமாகக் குளிக்கப் போனார்.

குமுதா கைத்தொலைபேசியை எடுத்து, 'அக்கா, வீட்டை நானே வைத்துக்கொள்கிறேன்' என்று புஷ்பவள்ளி அக்காவுக்கு ஒரு செய்தி தட்டினாள். தீபாவளி முடியட்டும் என்று அனுப்பாமல் வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அலாவுதீன் பாயிடம் கேட்டால்தான் மீன்கள் பிழைக்குமா என்று தெரியும் என்றாள் ரூபினி. அப்பாவுக்கு அவசரமாக ஓர் ஏர்கோன் முளைத்திருந்தது. அதனால் குமுதாதான் தன் காடியை ஓட்டிக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வழியெல்லாம் ரூபினி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். சிவப்பு விளக்குகள் வேண்டுமென்றே நீளமாக எரிந்தன.

கடையில் ரூபினி போலீசில் புகார் கொடுப்பது போல எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். போஸைப் பிடித்தது, ஜோடியைத் திறந்துவிட்டது, கற்களைத் தேய்த்தது, தலைகீழாக அடுக்கியது. ஒவ்வொன்றுக்கும் குமுதாவின் தலை ஓர் அங்குலம் தாழ்ந்தது. பாய் ஒரு கையால் யாருக்கோ மீன் பிடித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் பெரிதாகச் சிரித்தார்.

"யாருக்கா இத உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"எத பாய்?"

"சண்டக்கார டேம்சலுக்கு இதான் வைத்தியம்! பழைய மீன எடுத்துத் தனியா வெச்சிடணும். கல்லையெல்லாம் கலைச்சு வேற மாதிரி அடுக்கணும். புது மீன மொதல்ல விட்டுடணும். ஒரு வாரம் போனதும் பழையவன விட்டா, அவனுக்கு எது தன் எடம்னு தெரியாது. அவனும் புதுசா வந்தவனாயிடுவான். எல்லாத்துக்கும் அப்படித்தான் ஆவும்னு சொல்ல முடியாது, பாதிக்குப் பாதி ஆவும். எந்தத் தண்ணில தேய்ச்சீங்க?"

"பீப்பாயில இருந்த உப்புத் தண்ணில."

"பாத்தியா! பைப்புத் தண்ணியா இருந்தா காலி. ஊதா திரும்ப வரும் பாப்பா, கொஞ்ச மாசம் ஆவும். அவ்ளோதான்."

"ஆனா போஸ் என்னா தப்புப் பண்ணான் அங்கிள்? அவன் கெட்ட மீனா?" ரூபினிக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

"கெட்டவன் இல்லம்மா. மொத வந்தவன். வந்தப்ப அங்க யாருமே இல்ல, தனியா கெடந்தான். இப்ப இருக்கறதும் போயிடும்னு பயம். பயந்த மீனுதான் கடிக்கும்." இதற்குள் இன்னொருவர் கடல் இறால் கேட்டார். பாய் அந்தப் பக்கம் போய்விட்டார்.

ரூபினி வெகுநேரம் ஒரு காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குமுதா அந்தப் பக்கம் திரும்பாமல், விலைச்சீட்டு ஒட்டியிருந்த கடல் அட்டையை வாங்கப்போகிறவள் மாதிரி கவனமாகப் பார்த்தாள்.

திரும்பும்போது பாதி வழியில் ரூபினி வாய் திறந்தாள். "ஆன்ட்டி, நீங்க அடுக்குனது சரியில்ல. உச்சிக் கல்லு விழுந்துடும். போய் மாத்தணும்."

"சரிம்மா. பழைய மாதிரியே வெச்சிடலாம், நீ சொல்லு."

"பழைய மாதிரி வேணாம். அங்கிள் சொன்னாரு இல்ல?"

அன்று மத்தியானம் இரண்டு பேரும் முழங்கை வரை தொட்டிக்குள் கையைவிட்டுக் கொண்டு நின்றார்கள். ரூபினி இது இங்கே என்றாள், குமுதா அது ஆடுது என்றாள். மூன்று முறை சரிந்தது. மூன்றாவது முறை சரிந்தபோது ரூபினிதான் முதலில் சிரித்தாள், பிறகு கோபமாக இருக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். கடைசியில் ஒரே குகைக்குப் பதில் இரண்டு குகையும் நடுவில் ஒரு வளைவும் கிடைத்தன. தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் காட்டலாம் போல இருந்தது.

அந்த ஒரு வாரமும் கோமாளி ஜோடி தொட்டி முழுக்கச் சுற்றிப் பார்த்து இடது குகையைத் தேர்ந்தெடுத்தது. போஸ் பெட்டியிலிருந்து முறைத்தான். ரூபினி காலையும் மாலையும் அவனிடம் போய், "கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்று சொன்னாள். இதைக் கேட்ட சுகுமாரன் தன் வசனத்துக்குக் கடைசியில் ஒரு மரியாதை கிடைத்ததே என்று மகிழ்ந்தார். குமுதாவிடம் ரூபினி முன்னைவிடப் பேசினாள், மீனைப் பற்றி மட்டும். கப் பேச்சு வரவில்லை. இதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியுமா என்று குமுதாவுக்குத் தெரியவில்லை. அந்தச் செய்தி இன்னும் போனிலேயே இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் காலை. அடுப்பில் முறுக்குக்கு எண்ணெய் காய்வதற்கு முன்னால் போஸை விட்டுவிடலாம் என்று முடிவானது. சுகுமாரன் வலையோடு பக்கத்தில் காவல் நின்றார். ரூபினி பெட்டியைச் சாய்த்தாள்.

போஸ் அம்பு மாதிரி நேராகத் தன் பழைய குகை இருந்த இடத்துக்குப் போனான். அங்கே மணல்தான் இருந்தது. திரும்பினான். மேலே போனான், கீழே வந்தான், வளைவைச் சுற்றினான். இடது குகைக்குள் தலையை நீட்டினான். உள்ளேயிருந்து கோமாளிப் பெண் மீன் சீறிக்கொண்டு வந்து அவனை ஒரு தள்ளு தள்ளியது. இரண்டு வருஷ ராஜா, வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கினான். சுகுமாரன் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். ரூபினி, "போஸ், நீயா இது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் அவன் வலதுபக்கக் கல்லுக்குப் பின்னால் ஒரு சந்தைக் கண்டுபிடித்து அதற்குள் நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டான். யாரையும் துரத்தவில்லை.

"பாவம்" என்றாள் குமுதா, சிரித்ததில் கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்தபடி. "எங்க போறதுன்னு தெரியாம எப்படி நிக்கிறான் பாரு."

"அவனுக்கு வேற வீடு கெடையாது ஆன்ட்டி. இங்கதான் இருந்தாகணும்." ரூபினி தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்குத்தான் இருக்கு."

குமுதாவின் சிரிப்பு நின்றது. "என்னம்மா?"

"சிம்பாங் அம்பாட்ல. உங்க காடியில டிஷ்யூ தேடுனப்போ லைட் பில் பாத்தேன். உங்க பேரு, அந்த அட்ரஸ். ஏப்ரல் மாசமே பாத்தேன்."

"எந்த வீடு?" என்றார் சுகுமாரன். இரண்டு பேரும் அவரைக் கவனிக்கவில்லை.

"ஆறு மாசமா தெரியுமா உனக்கு? ஏன்மா கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? எப்ப வேணா போயிடலாம்னுதானே வெச்சிருக்கீங்க." இப்போது ரூபினி திரும்பினாள். பதினாலு வயது முகத்தில் அந்தப் பழைய மரியாதை இல்லை. "புது மீன் வாங்கிட்டு வந்தா பையோட தொட்டியில மெதக்க விடுவோம், தண்ணி சூடு பழகறதுக்கு. அரை மணி நேரந்தான் ஆன்ட்டி. அதுக்கப்புறம் பைய அவுத்துடணும். நீங்க ஏழு மாசமா பைக்குள்ளயே மெதக்கறீங்க. பையில இருக்கற மீன் கூட நான் எப்படிப் பழகறது? பழகுனப்புறம் பையத் தூக்கிட்டுப் போயிட்டா?"

ஏழு மாதமாகக் கதவு தனக்குச் சாத்தியிருக்கிறது என்று குமுதா எண்ணியிருந்தாள். ஒரு காலை வெளியிலேயே வைத்துக்கொண்டு நின்றவள் தான்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளே தாங்க முடியாத ஒரு சந்தோஷமும் இருந்தது. தான் போய்விடக் கூடாது என்று இந்த வீட்டில் ஒரு ஆள் பயந்துகொண்டிருந்திருக்கிறது!

குமுதா போனை எடுத்து, அனுப்பாத செய்தியை அழித்தாள். புஷ்பவள்ளி அக்காவை அழைத்தாள்.

"அக்கா, நான் வீட்டக் குடுத்துடறேன். ஆமா, இந்த மாசமே. அடுத்த சனிக்கிழம வந்து சாமான எடுத்துக்கறேன்."

"ஏம்மா, முறுக்கு சுடற நேரத்துலதான் இதச் சொல்லணுமா? எண்ண காயுது, வை!" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"எந்த வீடுன்னு யாராச்சும் சொல்லுங்கம்மா" என்றார் சுகுமாரன் மறுபடி.

"அப்பா, சனிக்கிழம உங்க வேன் வேணும். ஏணிய எறக்கி வெச்சிடுங்க" என்றாள் ரூபினி. "ஆன்ட்டி, என்னென்னா சாமான் இருக்கு? தையல் மெஷினா? அப்ப இந்த டிவிய அந்த ரூமுக்கு மாத்திட்டு..." கூடத்தை அவள் பார்த்த பார்வையில், இந்த வீட்டின் எந்தப் பொருளும் இனிப் பழைய இடத்தில் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தது.

சனிக்கிழமை மூன்று பேரும் பாலம் தாண்டிப் போனார்கள். மத்தியானத்துக்குள் வீடு காலியாகிவிட்டது. கிரைண்டரைச் சுகுமாரன் தனியாகத் தூக்குவதாக வீரம் பேசி, இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். குமுதா கதவைப் பூட்டி, எட்டு வருஷம் கைப்பையில் கிடந்த சாவியைப் புஷ்பவள்ளி அக்காவிடம் நீட்டினாள். அக்காவின் பார்வை, சாமி படங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வேன் பக்கத்தில் நின்ற பெண்மேல் விழுந்தது.

"இது யாரு? உன் புருஷனோட மகளா?"

குமுதாவுக்கு மகள் என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னால் அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று பயமாகவும் இருந்தது.

ரூபினி படங்களை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு வந்து, மற்ற கையால் குமுதாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன் அக்கா" என்றாள்.